மாமாவை வேண்டாம் என்று சொன்ன ஞாயிறு

என் சாந்தி அக்காவுக்கு,

மாமாவின் நீலக் கம்பெனிச் சட்டையில் ஒரு பட்டன் மட்டும் கறுப்பு நூலில் தைத்திருந்தது. அவரே தைத்திருக்கிறார் என்று பார்த்ததும் தெரிந்தது. உன் புருஷன் இப்படி வெளியே வர நீ விட்டிருப்பாயா?

போன ஞாயிறு உன் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பென்னலூரில் நம் வீட்டுக்கு வந்திருந்தார். காப்பியைக் கொடுத்த கையோடு அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"ரேவதிக்கு பதினெட்டு முடிஞ்சிட்ச்சி மாப்ள. வெளிய இருந்து ஒருத்தி வந்தா உங்க பொண்ண பாத்துப்பாளா? தை மாசமே உங்க ரெண்டு பேருக்கும் முடிச்சிடலாம்."

என்னை யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியபோதும் கேட்கவில்லை, அன்றைக்குத் தலையாட்டிவிட்டேன். எனக்குப் பேச வராது என்று உனக்குத் தெரியும். எனக்கும் சேர்த்து நீதானே பேசுவாய்?

நான் இப்போது ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனிக்குப் போகிறேன் அக்கா. லைனில் ஏதாவது தப்பாக வந்தால் வாய் திறக்க வேண்டாம், கை தூக்கினால் போதும். லைனை நிறுத்துவார்கள். சரிசெய்த பிறகுதான் ஓடும். அந்தப் பழக்கமோ என்னவோ, அம்மா பேசப் பேச என் கை தானாக மேலே போய்விட்டது.

"இன்னாடி இது, இஸ்கூலா?" என்று அம்மா சிரித்தாள்.

மாமா சிரிக்கவில்லை. அவரும் கம்பெனி லைனில் நிற்கிறவர்தானே. "இருங்க அத்தே, லைன் நின்னுட்ச்சி. நீ சொல்லு ரேவதி."

"எனக்கு வேணாம் மாமா. உங்க மேல கோவம்லாம் இல்ல. பாப்பான்னா எனக்கு உசுரு. ஆனா உங்கள எங்க அக்கா வூட்டுக்காரராதான் பாக்க முடியுது."

"அப்ப அந்தக் கொழந்த கதி இன்னாடி?" என்றாள் அம்மா.

மாமா தம்ளரைக் கீழே வைத்தார். "என்னையும் யாரும் கேக்கல ரேவதி. சாந்திக்கு மொத தெவசங்கூட இன்னும் வர்ல."

உனக்காக அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். நான் வேண்டாம் என்றது அவருக்கும் சேர்த்துத்தானா, அக்கா?

அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேத்தி நம்மைவிட்டுப் போய்விடுவாளோ என்று அவளுக்குப் பயம். அதனால் உனக்கு ஒன்று சொல்கிறேன். ஞாயிறுதோறும் பாப்பாவுக்குத் தலைவாரிவிடப் போகிறவள் நான்தான், அந்த வீட்டுக்கு யார் வந்தாலும்.

அன்று மாமா கிளம்பும் முன் நீ இங்கே விட்டுப்போன தையல் டப்பாவைத் திறந்தேன். ஊசியில் நீல நூலைக் கோத்து அவர் கையில் கொடுத்தேன்.

உன் தங்கச்சி,
ரேவதி