இரண்டாவது படி

தம்பி,

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று நினைக்காதே. இடது கையால் எழுதுகிறேன்.

வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு நான் வீடு வீடாகப் போனது உனக்குத் தெரியும். நம் தெருவில் மட்டும் பதினேழு செத்தவர்களுக்கு ஓட்டு இருந்தது. நீக்கச் சொல்லி மனு கொடுத்த மறுநாள் மதியம், முகத்தில் துணி கட்டிக்கொண்டு நான்கு பேர் வந்தார்கள். நான் தைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருவன் தலைமயிரைப் பிடித்து என் முகத்தைத் தையல் மெஷினில் மோதினான். பல் தெறித்தது. இன்னொருவன் என் வலது கையைப் பலகையில் அழுத்தி, நான் துணி வெட்டும் கத்தரியின் பிடியாலேயே விரல்களை ஒவ்வொன்றாக நசுக்கினான். "செத்தவன் ஓட்டுப் போட்டா உனக்கு எங்கடி வலிக்குது?"

"அதுல எங்கப்பா பேரும் இருக்குடா!" என்று கத்தினேன். கதவருகில் நின்றவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

நம் வாசலில் இரண்டாவது படி உடைந்து ஆடுமே, உள்ளே வரும்போது மூன்று பேர் அதில் தடுக்கினார்கள். கதவருகில் நின்றவன் கீழே பார்க்காமலே அதைத் தாண்டி வந்தான்.

"யாரையாச்சும் அடையாளம் தெரிஞ்சுதாம்மா?" என்று போலீஸ்காரர் கேட்டார். முகம் தெரியவில்லை என்றேன். பொய்யில்லை.

அப்பா பெயரை நீக்கிவிட்டார்கள். நாளை ஓட்டுச்சாவடியில் முதல் ஆளாக நிற்பேன். மை வைக்க இடது கை விரல் போதும்.

படியைச் சரிசெய்யக் கொத்தனார் வந்தார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். நம் வீட்டு ஆள் யார், அந்நியர் யார் என்று தெரிய எனக்கு அது ஒன்றுதான் மிச்சம்.

உன் அக்கா