நாலாவது மாடிக் கதவு 611 முறை

மார்ச் 14, வியாழக்கிழமை, மாலை 4.20. நம் கட்டடத்தின் நாலாவது மாடியில் லிஃப்ட் கதவு ஏழு நாளில் திறந்தது 611 முறை. இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

அன்புள்ள வாலுக்கு, நானும் அம்மாவும் நலம். நீயும் நலம் என்று எழுதியிருக்கிறாய், அதை நான் முழுசாக நம்பவில்லை, போன கடிதத்தில் இருமல் என்றவள் இதில் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. உன் அம்மா இப்போதும் மாடிப்படியில்தான் போகிறாள், நான் சர்வீஸ் செய்யும் லிஃப்ட் மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை, தாலி கட்டினவன் மேலும் இல்லை. உன் கல்லூரி ஆய்வுக்காக நீ அனுப்பிய கேள்விப் படிவம் வந்தது. பக்கத்து வீட்டில் யார் குடியிருந்தால் உங்களுக்குப் பிடிக்காது என்று ஒரு கேள்வி, அதில் வெளிநாட்டுக்காரர் என்று ஒரு கட்டம், அதை நான் டிக் செய்யவில்லை. இருபது நாட்டில் இதே கேள்வியைக் கேட்டு எந்த நாட்டுக்காரனுக்குப் பெரிய மனசு என்று கணக்குப் போடுவீர்களாம். படிப்பு ஏற ஏற வெறுப்பு குறையும் என்று உன் பேராசிரியர் சொன்னாராம். அவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு.

இரண்டு மாதம் முன் நாலாவது மாடிக்கு வேறு நாட்டுக் குடும்பம் ஒன்று வந்தது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், அந்தம்மாவின் தம்பி. ஐந்து பேர் என்றார்கள், கட்டடத்தில் ஒருத்தரும் நம்பவில்லை, நானும்தான். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்னை வாசலில் பிடித்து, “எங்களுக்கு அவங்க மேல வெறுப்பெல்லாம் கிடையாதுங்க, ஆனா உள்ள எத்தனை பேர் அடைஞ்சிருக்காங்கன்னு தெரிய வேணாமா? லிஃப்ட்டுல கணக்கு இருக்குமே” என்றார். இருக்கிறது, எந்த மாடியில் எத்தனை முறை கதவு திறந்தது என்று கன்ட்ரோல் பெட்டி குறித்துக்கொண்டே இருக்கும். பார்த்தேன். மற்ற மாடிகளில் நூறு, நூற்றிருபது, அங்கே மட்டும் 611. எனக்கு ஆச்சரியமே வரவில்லை, நான் நினைத்தது சரிதான் என்று உள்ளுக்குள் ஒரு திருப்திதான் வந்தது. தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அது அறிவிப்புப் பலகையின் கண்ணாடிக்குள் ஏறிவிட்டது, அதற்குக் கீழே அவர்களைக் காலி செய்யச் சொல்ல வேண்டும் என்று முப்பத்தாறு வீட்டில் முப்பத்தோரு கையெழுத்து, அதில் ஒன்று என்னுடையது. ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் கூட்டம். மூணாவது மாடி தையற்காரம்மா மட்டும், “எண்ணினீங்க சரி தம்பி, ஒரு நாளாவது போய்ப் பேசினீங்களா?” என்று கேட்டார். டெக்னிக்கல் விஷயம், உங்களுக்குப் புரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று மத்தியானம் அம்மா சோறு போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள். “அந்தப் பொண்ணும் பிள்ளைங்களும் தினம் என்கூடப் படியிலதான் ஏறுறாங்க. லிஃப்ட்டுல எல்லாரும் மூஞ்சியைத் திருப்பிக்கிறாங்களாம். அப்ப உங்க அறுநூத்திப் பதினொண்ணு யாரு, ஆவியா?” அவளையும் நான் சந்தேகப்பட்டேன், எப்போதிலிருந்து அவர்கள் கட்சி என்று கேட்டேன். பதிலுக்கு அவள், “பலகையில என்ன எழுதியிருக்குன்னு அந்தப் பொண்ணு என்கிட்டதான் கேட்டா. அவளுக்குப் பேச்சு புரியும், நம்ம எழுத்து தெரியாது. தண்ணி வராத நேரம்னு சொல்லிட்டேன்” என்றாள்.

இன்று வேலை முடிந்ததும் டார்ச் எடுத்துக்கொண்டு நாலாவது மாடிக்குப் போனேன். கதவு ஓடும் பள்ளத்தில் சுண்டுவிரல் நகம் அளவு சிமெண்ட் துண்டு. அவர்கள் வருவதற்கு முன்பே சங்கம் அங்கே டைல்ஸ் ஒட்டியது, அப்போது விழுந்தது. கதவு மூட வரும், முட்டும், திறக்கும், மறுபடி முட்டும், ஒவ்வொன்றையும் பெட்டி எண்ணிக்கொள்ளும். நின்ற கணக்கு பெட்டியில் தனியாக இருக்கிறது, லிஃப்ட் அங்கே உண்மையில் நின்றது 83 முறை, நம் மாடியில் 112. எண்ணிக்கை கன்னாபின்னாவென்று ஏறினால் முதலில் பள்ளத்தில் விரல் விட்டுப் பார்ப்பதுதான் பதினாறு வருஷமாக என் பழக்கம். வேறு எந்த மாடியாக இருந்தாலும் பார்த்திருப்பேன். என் படிப்பு என் சந்தேகத்துக்கு ஒரு எண்ணைச் செய்து கொடுத்தது, அவ்வளவுதான். நான் டிக் செய்யாத அந்தக் கட்டத்தை வைத்து நம் நாட்டுக்கு மார்க் போட்டுவிடாதே, மற்ற பத்தொன்பது நாட்டுக் கட்டங்களையும் அப்படியே நம்பாதே.

செயலாளருக்கு உடனே போன் போட்டேன். “சிமெண்டோ கல்லோ, இப்ப அதை ஏன் கிளறுறீங்க? எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. நீங்க சும்மா இருந்தாலே போதும்” என்றார். சும்மா இருக்கச் சொல்கிறவருக்கு அந்த வீட்டின் மேல் வேறு ஏதோ கண் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது, அதையும் விசாரிக்காமல் எழுதக் கூடாது, நிறுத்துகிறேன்.

உன் கீழ்வீட்டுக்காரர் உன் காலடிச் சத்தத்தை நோட்டில் குறிக்கிறார் என்று எழுதியிருந்தாய். அவர் சிரித்துப் பேசுகிறார் என்பதற்காக விட்டுவிடாதே, அந்த நோட்டைக் காட்டச் சொல், நீ கல்லூரியில் இருந்த நேரத்துக்கும் குறித்திருப்பார் என்பது என் பந்தயம். பயந்து பூனை மாதிரி நடக்காதே. உனக்குப் பத்தொன்பது, எனக்கு முப்பத்தொன்பது, பொறுமை வருவதற்குள் நீ வந்துவிட்டாய், அதனால் இப்படித்தான் எழுத வரும். நல்ல தூக்கமும் நல்ல சிநேகிதமும் உனக்குக் குறையாமல் இருக்கட்டும். இருமல் மருந்து வாங்கின சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு.

உன் நன்மையைத் தவிர எல்லாவற்றிலும் சந்தேகம் உள்ள,
அப்பா

செய்யப்போவது:

1. வெள்ளி காலை ஏழு மணிக்குப் பலகையைத் திறந்து என் தாளை எடுப்பேன். சாவி செயலாளரிடம், ஸ்க்ரூடிரைவர் என்னிடம்.

2. அதே இடத்தில் 83, 112 இரண்டையும், நான் பார்க்காமல் விட்டதையும் எழுதி ஒட்டுவேன். என் கையெழுத்தை அடிப்பேன்.

3. கையெழுத்துப் போட்ட மற்ற முப்பது வீட்டுக்கும் ஞாயிறுக்குள் சிமெண்ட் துண்டோடு போவேன். பாதிப்பேர் மாற மாட்டார்கள். போவேன்.

4. இதெல்லாவற்றுக்கும் முன்னால், இன்று ஆறு மணிக்கு, அம்மாவோடு நாலாவது மாடிக்குப் படியேறிப் போய், போனில் படம் எடுத்த பலகையை அந்தப் பெண்ணுக்கு வரி விடாமல் வாசித்துக் காட்டுவேன், கடைசியில் இருக்கும் என் பெயர் வரைக்கும்.