அப்பா உயிரோடு இருக்கும்வரை

சேலையூர்,
8 ஜூன் 2025, ஞாயிறு இரவு

கர்த்தருக்குள் அன்பான ரத்தினபாய் அத்தைக்கு, ஹெப்சி எழுதுகிறேன்.

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க நினைத்தேன். முடியவில்லை. அத்தை, அப்பா இறந்துவிட்டார். இன்று விடிவதற்கு முன்னால். உங்களுக்கு நாளை மதியம்தான் சொல்வார்கள். வீட்டில் இருக்கும் இரண்டு போனும் அம்மாவின் தலைமாட்டில். அதனால் பாத்ரூமில் பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது அப்பா அம்மாவுக்குப் பவர் எழுதிக் கொடுத்தார் அல்லவா? அதை வைத்துத்தான் அம்மா இரண்டு லாரியையும் நடத்துகிறார். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரைதான் அது செல்லும் என்று வக்கீல் அப்போதே சொல்லியிருக்கிறார். நாளைக் காலை மறைமலைநகர் கம்பெனியில் வருட ஒப்பந்தம். அப்பாவுக்குப் பதிலாக அம்மா கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் லோடு கிடையாது. லாரிகளைப் பைனான்ஸ்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அம்மா அழவில்லை. அப்பாவின் கண்ணை மூடினார், ஏசியைப் பதினாறில் வைத்தார், கதவைச் சாத்தினார். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் அப்பா தூங்கறாரு. புரியுதா?" என்றார்.

சர்ச்சுக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டு மாமி இளநீர் கொண்டுவந்தார். தூங்குகிறார் என்று நான்தான் சொன்னேன். மாமி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

இன்னொன்றும் செய்தேன், அத்தை. டிரைவர் அசரியா அண்ணன் அம்மா சொன்னால் வண்டி எடுக்க மாட்டார். போன மாதம் அப்பாவுக்குக் குரல் போனதிலிருந்து, அப்பா முன்பு வேறு டிரைவர்களுக்குப் பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களில் ஒன்றைத் தேடி அவருக்கு அனுப்புவது என் வேலை. இன்று சாயங்காலமும் கூப்பிட்டார். "ஓனர் வாயால ஒரு வார்த்த சொல்லட்டும், கெளம்பறேன்" என்றார். ஒன்றைத் தேடி எடுத்து, சரியானதுதானா என்று போட்டுக் கேட்டேன்.

"எடுத்துட்டுப் போ. பாத்து ஓட்டு. கர்த்தர் இருக்காரு."

வீடு முழுக்கக் கேட்டது. சமையலறையிலிருந்து அம்மா "என்னங்க?" என்றார்.

கரண்டியோடு வந்து என் கையிலிருந்த போனைப் பார்த்தார். நான் அதை அனுப்பினேன்.

இந்தக் கடிதத்தை எப்போது தபாலில் போட முடியும் என்று தெரியாது. என் தோழி சின்மயியின் அஸ்தினாபுரம் விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பதிலை அங்கே போடுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, அத்தை.

உங்கள் அன்பு மகள்,
ஹெப்சி

நாகர்கோவில்,
16 ஜூன் 2025

என் செல்ல மகளே ஹெப்சி,

அடக்கம் முடிந்து ஊர் வந்து கதவைத் திறந்தால் காலடியில் உன் கடிதம். மூன்று நாள் பதில் எழுதக் கை வரவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் அசரியா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழம சாயங்காலம்கூட என்னாண்ட பேசினாரும்மா. கர்த்தர் இருக்காருன்னாரு" என்று அழுதான். ரயிலில் வழி முழுக்க அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டு வந்தேன். என் தம்பி தெம்பாகத்தான் போனான் என்று நினைத்தேன். நெற்றியில் முத்தமிட்டபோது அப்படிச் சில்லிட்டிருந்தானே, ஐஸ் பெட்டியில் வைத்ததால்தான் என்று நினைத்தேன்.

உன் அம்மா கெட்டவள் இல்லை. அவள் கஷ்டம் எனக்குத் தெரியாதா? ஆனால் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அவன் ஒரு ஜெபம்கூட இல்லாமல் கிடந்திருக்கிறான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை அதற்குக் காவல் வைத்திருக்கிறாள். இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமை வருகிறேன். பாஸ்டரைக் கூட்டிவந்து, அவர் முன்னால் உன் அம்மாவிடம் கேட்பேன். கம்பெனிக்குத் தெரிந்தால் தெரியட்டும். லாரி போனால் போகட்டும். நீ என்னோடு வந்துவிடு, இங்கே படிக்கலாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. தலையணைக்கு அடியில் பைபிளை வைத்துக்கொண்டு தூங்கு.

உன் அத்தை,
ரத்தினபாய்

சேலையூர்,
21 ஜூன் 2025

அன்புள்ள அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. சின்மயி ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்துக் கொடுத்தாள்.

அம்மா இப்போது தினமும் காலையில் பெருங்களத்தூர் ஷெட்டுக்குப் போகிறார். அசரியா அண்ணன் மறுபேச்சு இல்லாமல் வண்டி எடுக்கிறார். ஒப்பந்தம் அப்பா உயிரோடு இருக்கும்போது போட்டது என்பதால் கம்பெனி லோடு கொடுக்கிறது.

அந்த அறையில் ஏசி இன்னும் ஓடுகிறது. அணைக்கப் போனால் அம்மா "இருக்கட்டும்" என்கிறார். கதவுக்கு வெளியே பாய் போட்டுப் படுக்கிறார். நேற்று ராத்திரி அம்மாவின் குரல் கேட்டு எழுந்து வந்தேன். எந்த வண்டி எங்கே போயிற்று, எந்த டயரை மாற்ற வேண்டும் என்று கதவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்தார். நானும் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். அம்மா என் காலைத் தன் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

அத்தை, போன கடிதத்தில் நான் எழுதியது எதுவும் உண்மையில்லை. பயத்தில், கெட்ட கனவு கண்டு எழுதிவிட்டேன். அப்பா திங்கட்கிழமை மதியம்தான் இறந்தார். அசரியா அண்ணனிடம் பேசியது அப்பாதான். நீங்கள் ரயிலில் நினைத்தபடியே நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

இன்று கல்லறைக்குக் கல் செய்கிறவர் வந்தார். பெயர், பிறந்த நாள் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். "எறந்த தேதி இன்னாம்மா?" என்று கேட்டபோது அம்மா எழுந்தார். தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. கல் செய்கிறவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்.

"கரெக்டா சொல்லு பாப்பா. கல்லுல ஏறினா அப்பால மாத்த முடியாது. ஒம்போதுதானே?"

"ஒம்பதுதான்" என்றேன்.

சனிக்கிழமை வந்தால் அம்மாவிடம் கேட்க வேண்டாம், அத்தை. என்னிடம் கேளுங்கள். பாஸ்டர் முன்னாலும் நான் அதைத்தான் சொல்வேன்.

இப்படிக்கு,
தே. ஹெப்சி