நீலச்சட்டைப் படம்

செவ்வாய், இரவு.

காலையில் பஸ் ஸ்டாப்பில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். எம். தியாகராஜன், கிரேன் ஆபரேட்டர். பெயரும் வேலையும் என்னுடையவை. முகமும் என்னுடையது. வேலைக்காக நெட்டில் நான் போட்டு வைத்திருந்த அதே நீலச்சட்டைப் படம்.

பேனரின் ஓரத்தில் இருந்த கடை விலாசத்துக்குப் போனேன். கடைக்காரன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். "பேரு, வேலை, திருவொற்றியூர்னு போட்டுத் தேடுனேன். நீதான்ணா வந்தே. அவசரம்னாங்க."

கோயில் சாமியின் பெயர் என்பதால் இந்த ஊரில் தெருவுக்கு நாலு தியாகராஜன். செத்தவர் வீடு இரண்டு தெரு தள்ளி. பேனரைக் கழற்றச் சொல்லத்தான் போனேன். உள்ளேயும் என் படம், மாலையோடு. அவர் தங்கை வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணனுக்கு ஆதார் போட்டோதான் கீது, அதுல மூஞ்சியே தெரியல. அம்மாக்குக் கண்ணு மங்கல். இந்தப் படத்தத்தான் தடவிக்கினு கீது. காரியம் முடியற வரிக்கும் வுட்டுடுண்ணா."

சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

என் முகத்துக்கு முன்னால் ஒரு விளக்கு ஏற்றியிருக்கிறார்கள். காரியம் வரை அணையக் கூடாதாம். இப்போது கடல்காற்று பலமாக அடிக்கிறது. போனபோதே கவனித்தேன், அந்த அறை ஜன்னலுக்குக் கதவு இல்லை.