நீ தொட்டியில் திரும்ப விட்ட மீன்

இன்று காலை சின்னவள் ஒரு ஊறுகாய் பாட்டிலோடு வந்தாள். அடுத்த தெருத் தோழி கொடுத்தாளாம். உள்ளே இரண்டு மீன் குஞ்சுகள். மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அந்தப் பாசி வாசனை வந்ததும் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். பதினெட்டு வருஷம் மில்லில் இரும்போடு மல்லுக்கட்டியவன், ஊறுகாய் பாட்டிலுக்குப் பயந்து உட்கார்ந்தான் என்றால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். நீ போய் மூன்று மாதம் ஆகிறது.

ஐந்து வருஷத்துக்கு முன் அந்த ஞாயிற்றுக்கிழமையும் இதே வாசனைதான். பொருட்காட்சியில் கண்ணாடித் தொட்டிகளில் மீன் காட்டுகிறார்கள் என்று மில்லெல்லாம் பேச்சு. பெரியவனுக்கு ஐந்து வயது, சின்னவளுக்கு இரண்டு. என் மனைவி காய்ச்சலில் படுத்திருந்தாள். இரண்டு பிள்ளைகளைத் தனியாகச் சமாளிக்கத் தைரியமில்லாமல், அவர்கள் சித்தப்பா என்று கூப்பிடும் உன்னை அழைத்தேன். அழைத்தேன் என்பதுகூட அதிகம். ஒக்கலிபுரத்தில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தானே. தட்டினேன். நீ சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாய்.

கூடாரத்துக்குள் இருட்டு. தொட்டிகளுக்குப் பின்னால் மட்டும் விளக்கு. 'முட்டபேடி, முட்டபேடி', தொடாதீர்கள் என்று கன்னடத்தில் சொல்லி, காவல்காரர் கண்ணாடியில் பட்ட கைகளையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தார். பெரிய விரால் ஒன்று என் முகத்துக்கு நேரே வந்து வாயைப் பிளந்தது. நான் பின்வாங்கி உன் காலை மிதித்தேன்.

"அண்ணா, அது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கு."

"தெரியும்டா. கண்ணாடி எவ்ளோ கெட்டின்னுதான் தெரியல."

அப்போது பெரியவன் என் வேட்டியை இழுத்தான். "அப்பா, நீங்க முழுங்கினது இவ்ளோ பெரிசா?"

நீ என்னைப் பார்த்தாய். ஊர் ஏரியில் ஒரு மீன் குஞ்சை உயிரோடு விழுங்கினேன், மறுநாளே நீச்சல் வந்துவிட்டது என்று பிள்ளையிடம் அளந்து வைத்திருந்தேன். அப்படி ஒரு நம்பிக்கை எங்கள் பக்கத்தில் உண்டு. ஆனால் நான் விழுங்கியதில்லை. மற்ற பையன்கள் நீந்தும்போது கரையில் உட்கார்ந்து அவர்கள் துணிக்குக் காவல் இருந்தவன் நான். அதை உனக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

"சின்னதுடா, பொடி மீன்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையை இன்றும் திரும்ப விழுங்க முடியவில்லை.

வெளியே வரும் வழியில் திறந்த தகரத் தொட்டி ஒன்று. பொடி மீன்கள். பிள்ளைகள் கையை விட்டு விளையாடலாம். நீ சின்னவளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாய். நான் கடலை வாங்கித் திரும்பினேன். பெரியவன் அண்ணாந்து நின்றான். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. உதடு நாவற்பழம் தின்றவன் உதடுபோல் ஆயிற்று. கண் மட்டும் என்னையே பார்த்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் நின்றேன். கடலைப் பொட்டலத்தைக்கூடக் கீழே போடவில்லை. நீதான் சின்னவளை மண்ணில் உட்கார வைத்துவிட்டு, அவனைத் தொடைமேல் தலைகீழாகக் கவிழ்த்து முதுகில் அடித்தாய். ஒன்று. இரண்டு. அந்த இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நான் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. இன்னும் முழுசாக வெளியே வந்ததாகத் தோன்றவில்லை.

மூன்றாவது அடியில் மீன் மண்ணில் விழுந்தது. அவன் அழுதான். நீ அந்த மீனை எடுத்து, "இது என்ன பாவம் பண்ணுச்சு" என்று தொட்டியில் விட்டாய்.

வீட்டில் என் மனைவி காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்தாள். பிள்ளைக்குத் தொண்டை புண்ணாகிப் பேச்சு வரவில்லை. "மீனை எதுக்குங்க வாயில போடுறான்? யாரு சொல்லிக் குடுத்தது?" என்றாள். நான் வாயைத் திறந்தேன். விரால்கூட அவ்வளவு பிளந்திருக்காது.

"நான்தான் அண்ணி. சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்" என்றாய் நீ.

மறுநாள் மில் வாசலில் கேட்டேன், ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று. "அவங்க என்மேல கோவப்பட்டா செவுத்தோட போச்சு. உன்மேல கோவப்பட்டா சோத்துக்கு என்ன பண்ணுவே?"

செவுத்தோடு போகவில்லை. அதன்பிறகு நீ வந்தால் உனக்குக் காபி வரும், பெரியவனுக்கு உள்ளேயிருந்து அழைப்பு வரும். பிள்ளையில்லாத நீ காலி மடியோடு காபி குடித்துவிட்டுப் போவாய். ஐந்து வருஷம். பொங்கல் கழியட்டும், அவள் நல்ல முகத்தோடு இருக்கட்டும் என்று, உண்மையைச் சொல்ல நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். உனக்கு வந்த மஞ்சள் காமாலை நாள் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் நீ, "பெரியவன் வரலியா" என்று ஒருமுறைதான் கேட்டாய். பள்ளிக்கூடம் என்றேன். அன்று ஞாயிற்றுக்கிழமை.

இன்று சின்னவள் பாட்டிலை ஆட்டிக்கொண்டே கேட்டாள்: "அப்பா, இதை முழுங்கினா நீச்சல் வருமா?"

"போடி, அது சித்தப்பா விட்ட கதை. அதால நான் சாகப் பார்த்தேன்" என்றான் பெரியவன். அம்மா சொல்லிச் சொல்லி அவனே நம்பிவிட்டான்.

அடுப்படியிலிருந்து அவள் குரல்: "போனவரைப் பத்தி என்னடா பேச்சு. போகட்டும், மன்னிச்சாச்சு."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீ செய்யாததற்கு மன்னிப்பு. அந்தக் கூடாரத்தில் இருந்ததைவிட அதிகமாகப் பயந்துகொண்டே சொன்னேன்: "அவன் சொல்லல. நான் சொன்னேன். பொய். எனக்கு நீச்சலே தெரியாது."

கரண்டிச் சத்தம் நின்றது. அவள் வந்து என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள், உன் வீட்டுச் சுவரை. "ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன்னீங்க. நான்தான் வேணாம்னேன்" என்றாள். அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

பெரியவன், "அப்ப என் முதுகுல அடிச்சது?" என்றான்.

"சித்தப்பாதான்."

அவன் கையைப் பின்னால் வளைத்து முதுகைத் தொட்டுப் பார்த்தான். எட்டவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது அவனுக்கு லேசாக இருமல் வந்தது. என் கை தானாக மேலே எழுந்து நின்றது. அன்று எழாத கை, இந்த ஐந்து வருஷமாக அவன் இருமினாலே எழுகிறது. உள்ளங்கையைக் குவித்து, நீ வைத்த மாதிரியே வைத்திருந்தேன்.

"ஒண்ணுமில்லப்பா, மொளகா" என்றான்.

கையை இறக்கச் சற்று நேரம் பிடித்தது.