தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது

நைனா,

இந்தக் கிறிஸ்மஸ் தாத்தா முகமூடியைப் பள்ளிக்கூடத்தில் கழுவிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆட்டோவின் பின் சீட்டில், எனக்குப் பக்கத்தில், அது மல்லாந்து படுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. சிவப்புக் கன்னம், பஞ்சு மீசை, இரண்டு கண்ணுக்கும் பட்டாணி அளவில் ஓட்டை. கழுவலாம் என்று திருப்பினேன். உள்பக்கம், மூக்கு வருகிற பள்ளத்தில், வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. சுரண்டி மோந்து பார்த்தேன். பவுடர். நீ போட்டது.

"வேர்வை பட்டா மூஞ்சி எரியும் மாமு" என்று ஒவ்வொரு டிசம்பரும் இதற்குள் அரை டப்பாவைக் கொட்டித் தடவிவிட்டுத்தான் எனக்கு மாட்டுவாய். என் கல்யாணத்தன்று என் பெண்டாட்டிகூட அவ்வளவு பவுடர் போட்டுக்கொள்ளவில்லை. இதை எப்படிக் கழுவுவது, நீயே சொல்.

காலையில் பள்ளிக்கூடத்தில் விழா முடிந்தது. பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுக் கல்மண்டபம் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டிருக்கிறேன். யாரோ ஒரு பிள்ளை விட்டுப்போன கட்டுரை நோட்டில் இதை எழுதுகிறேன். என் எழுத்தைப் பார்த்தால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். எழுத வைத்ததே நீதான்.

முதல் வருஷம் உனக்கு நினைவிருக்கும். திருவொற்றியூரில் நீ வாத்தியார், கல்மண்டபத்திலிருந்து அங்கே பிள்ளைகளை ஏற்றிப்போகிறவன் நான். காலையில் நீயும் என் சீட்டில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு குந்திக்கொள்வாய். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த க்யூவில் வண்டியை அணைத்துவிட்டு நாம் பேசாத பேச்சு இல்லை. அப்படி ஒரு நாள்தான் ஆரம்பித்தாய்.

"கிறிஸ்மஸுக்கு வருஷா வருஷம் ரெண்டு சாக்லெட்டு, ஒரு பென்சில். வாய்ல போட்டா தீந்துடுது மாமு. இந்த வாட்டி புக்கு குடுக்கலாம்னு கீறேன்."

"புக்கா? லீவுல புக்கு குடுத்தா புள்ளைங்க உன்னைக் கல்லால அடிக்கும்."

"சொம்மா குடுத்தா படிக்காது. தன் பேரு போட்டுக் குடுத்தா படிக்கும். எனக்குன்னு வந்ததுன்னு ஒண்ணு கீதுல்ல?"

பழைய பேப்பர் கடைகளில் எல்லாம் நுழைந்து வந்தாய். கிழிந்த அட்டைகளை ஒட்டினாய். பந்து பைத்தியம் பிடித்த பையனுக்குப் பந்து ஆடுகிறவர் கதை, பேய்க்குப் பயப்படுகிறவளுக்குப் பேயே பயப்படுகிற கதை என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கினாய். பழைய காலண்டர் தாளில் சுற்றி, மேலே ஒவ்வொருவர் பேரையும் எழுதினாய். உன் வீட்டுக் கூடத்தில் நடக்க இடமில்லை என்று உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, என்னிடம் புலம்பியது.

"தாத்தா வேஷம் நீதான்" என்றாய். ஊரிலேயே பெரிய தொந்தி என்னுடையதுதான் என்பதால் நானும் பெருமையாகத் தலையாட்டினேன். மூட்டையை என் தோளில் ஏற்றிவிட்டு, மேடைப் படியில்தான் சொன்னாய்: "பேரைப் படிச்சுக் கூப்டுக் குடு மாமு."

எனக்குக் காலுக்குக் கீழே தரை இல்லை.

ஐந்தாவது வரைக்கும் நாம் ஒரே பெஞ்சு. அதற்கப்புறம் நான் அப்பாவோடு மீன்பிடி போட்டில் ஏறிவிட்டேன். படித்த நாலு எழுத்தும் உப்புத்தண்ணியில் போய்விட்டது. பஸ் நம்பர் தெரியும், தெரு முனை தெரியும், யாரிடமாவது ஒரு சீட்டைக் கொடுத்து "கண்ணாடி இல்லப்பா, இன்னா போட்டுகீது பாரு" என்று கேட்கத் தெரியும். அதை வைத்தே பாதி ஆயுசை ஓட்டிவிட்டேன். ஊரையே கிண்டல் பண்ணித் திரிகிறவனிடம் இப்படி ஒரு ஓட்டை இருக்கும் என்று யாருக்கும், உனக்கும்கூட, தோன்றியதில்லை.

முதல் பொட்டலத்தை எடுத்தேன். எழுத்தெல்லாம் வலையிலிருந்து உதறிவிட்ட நண்டு மாதிரி நாலா பக்கமும் ஓடியது. உள்ளே உன் பவுடர் கரைந்து வாய்க்குள் வருகிறது. என்ன செய்வது? ஆடினேன். ஹோ ஹோ என்று கத்திக்கொண்டே வரிசைக்குள் புகுந்து, கைக்கு வந்ததை எதிரில் இருந்தவன் கையில் திணித்தேன். பிள்ளைகள் கூத்தாடின. தப்பித்தோம் என்று நினைத்தபோது பந்து பைத்தியம் எழுந்து நின்றான்.

"சார், இதுல என் பேரு இல்ல சார்."

"சார், எனக்கும் வேற யார் பேரோ போட்டுகீது."

அப்புறம் ஒரு பொடிசு, இருப்பதிலேயே உரத்த குரலில்: "தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது."

பள்ளிக்கூடமே சிரித்தது. தலைமையாசிரியை அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பட்டாணி ஓட்டை வழியாக நான் உன்னைத்தான் பார்த்தேன். நீயும் பார்த்தாய். ஒரு லாரி தாண்டிப் போகிற நேரம்கூட ஆகியிருக்காது. உனக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

நீ மைக்கை வாங்கினாய்.

"தாத்தா வேணும்னேதான் மாத்திக் குடுத்துகீறாரு. இதான் இந்த வருச வெளாட்டு. உங்க கையில இருக்கிற புக்கு யாருதோ, அவங்களத் தேடிப் புடிக்கணும். புடிச்சதும் குடுத்துடக் கூடாது. மொதப் பக்கத்தை அவங்களுக்கு வாய்விட்டுப் படிச்சுக் காட்டிட்டுதான் குடுக்கணும்."

அதற்கப்புறம் அந்த மைதானம் இருந்ததைப் பார்க்க வேண்டுமே. எட்டாவது படிக்கிற மீசைக்காரன் ஒன்றாவது பொடிசு முன்னால் மண்டி போட்டு யானைக் கதை படிக்கிறான். எழுத்துக்கூட்டித் தடுமாறுகிறவளிடம் புத்தகத்துக்குச் சொந்தக்காரன் கையைப் பிசைந்துகொண்டு, "சீக்கிரம் படி, அப்புறம் இன்னா ஆச்சு" என்று கெஞ்சுகிறான். சந்தை மாதிரி இரைச்சல், எல்லாம் படிக்கிற இரைச்சல்.

நான் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். மோனிஷா வந்தாள். அப்போது நாலாவது, தினமும் என் வண்டியில் வருகிறவள்.

"தாத்தா, இதுல 'ஆட்டோ மாமா'ன்னு போட்டுகீது. அவரை எங்க தேடியும் காணோம்."

எனக்கும் ஒரு பொட்டலம் கட்டியிருக்கிறாய், பாவி. அதையும் சேர்த்து யாரிடமோ கொடுத்திருக்கிறேன். நான் தெரியாது என்று கையை விரித்தேன். அவள் என் முகமூடியைப் பார்க்கவில்லை. அறுந்து, கம்பி போட்டுக் கட்டியிருந்த என் செருப்பைப் பார்த்தாள்.

"பரவால்ல. உங்களுக்கே படிச்சுக் காட்றேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்து, கடலைப் பார்க்கக் கிளம்பின ஓர் ஆமையின் கதையில் முதல் பக்கத்தைப் படித்தாள். பாதியில் நிறுத்தி, "ஆட்டோ மாமா கைல குடுத்துடுங்க தாத்தா" என்று சொல்லிவிட்டு ஓடினாள். மறுநாள் வண்டியில் ஒன்றுமே தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அந்த வயசில் அவ்வளவு நாகரிகம்.

அன்று டீக்கடையில் கேட்டாய்: "அஞ்சாவது வரைக்கும் பக்கத்துலயே குந்திகினு இருந்தேனேடா. எப்படிடா எனக்குத் தெரியாமப் போச்சு?"

"உன் சிலேட்டைப் பாத்துதான் எழுதிகினு இருந்தேன் நைனா. நீ தப்பா எழுதுனா நானும் தப்பு. எத்தினி அடி வாங்கிகீறேன் உன்னால."

நீ சிரித்தாய். எனக்கு அது போதுமாக இருந்தது. பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு உன் முகத்தில் விழித்திருக்க மாட்டேன்.

மறுநாளிலிருந்து லாரி க்யூ எனக்குப் பள்ளிக்கூடமானது. முன்னால் நிற்கிற லாரியின் முதுகைக் காட்டி, "இன்னா எழுதிகீது மாமு?" என்பாய். நான் ஒவ்வோர் எழுத்தாக இழுப்பேன். பின்னால் எட்டுப் பிள்ளைகளும் எனக்கு முன்னால் படித்துவிடப் போட்டி போடும். 'கடவுள் துணை' ஒரு வாரம் எடுத்தது. 'நாம் இருவர்' வரைக்கும் வந்து மாட்டிக்கொண்டபோது, "உனக்கு மூணு புள்ள, அதான் அதுக்கு மேல வரமாட்டேங்குது" என்றாய்.

ஆமைக் கதையையும் விடவில்லை நீ. காலையில் ஏறியதும் கேட்பாய்: "இன்னா மாமு, ஆமை கடலுக்குப் போச்சா?"

"எங்க போறது? லாரி க்யூல நிக்குது."

அந்தப் புத்தகம் மொத்தமே முப்பத்திரண்டு பக்கம், பாதிக்குப் படம். அடுத்த வருஷம் மழைக்கு முன்பே முடித்துவிட்டேன் நைனா. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் காலையில் நீ கேட்க மாட்டாயே என்று. "டோல்கேட்டாண்ட வந்துட்சு", "பஞ்சராயிட்சு", "போலீஸ்காரன் மடக்கிட்டான்" என்று ஏழு வருஷம் அந்த ஆமையை ரோட்டிலேயே நிறுத்திவைத்தேன். நீயும் சலிக்காமல் கேட்டாய். தெரிந்துதான் கேட்டாயா என்று இப்போது தோன்றுகிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

விளையாட்டு நின்றுவிடவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து நீயே சொன்னாய், மாற்றித்தான் கொடுக்க வேண்டும் என்று. நான் தப்பாகக் கொடுக்கக் கொடுக்க, பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு, "தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது" என்று ஒரே குரலில் கத்தும். முதல் வருஷம் என் காதில் ஈயம் மாதிரி இறங்கிய அதே வார்த்தை. அதைக் கேட்கத்தான் டிசம்பர் எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

ஆனி மாதத்து அந்தக் காலையைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தங்கச்சி தோளில் சாய்ந்திருந்தாய். பின்னால் உட்கார மாட்டாயே நீ, அன்று உட்கார்ந்திருந்தாய். சாலை நிறைய லாரி. சந்து கிடைக்குமா என்று நான் தலையை நீட்டி நீட்டிப் பார்த்ததை நீ கவனித்திருக்க வேண்டும்.

"முன்னாடி வண்டில இன்னா எழுதிகீது மாமு?"

"ஒலி எழுப்பவும்."

"படிச்சிட்டல்ல. அப்போ எழுப்பு."

அடித்துக்கொண்டே இருந்தேன். லாரிக்காரர்கள் ஒதுங்கினார்கள், பாவம், அவர்கள் மேல் குற்றமில்லை. ஆஸ்பத்திரி வாசலில் உன்னை இறக்கும்போது என் சட்டையைப் பிடித்தாய்.

"ஆமை?"

பழக்க தோஷம். வாய் தானாகச் சொல்லிவிட்டது: "க்யூலதான் நிக்குது நைனா. நீ வந்தாத்தான் நகரும்."

சிரித்தாய் என்றுதான் நினைக்கிறேன். சாயங்காலம் நீ இல்லை. நான் உன்னிடம் கடைசியாகச் சொன்னது ஒரு பொய். ஆறு மாதமாக அதுதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

உன் இடத்துக்கு வந்திருக்கிற டீச்சர் நல்ல பெண். தங்கச்சி உன் பொட்டலப் பழக்கத்தைச் சொல்லி, இந்த வருஷமும் புத்தகம் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஆனால் வகுப்பு வாரியாக, வரிசை எண் போட்டு, அட்டைப்பெட்டியில் அடுக்கிவைத்திருந்தது அந்தப் பெண்.

"நீங்க எதுவும் படிக்க வேணாம் அண்ணா. நான் மேலேருந்து எடுத்துத் தரேன், அந்தந்தப் பிள்ளை வந்து வாங்கிக்கும். குழப்பமே வராது."

அக்கறையாகத்தான் சொன்னது. சரிம்மா என்றேன். அட்டைப்பெட்டியை மேடை வரைக்கும் நானே தூக்கிவருகிறேன் என்றும் சொன்னேன். படியில் கால் தடுக்கி விழ எனக்கா தெரியாது? எல்லாம் கொட்டிச் சிதறியது. பொறுக்கியபோது என் சட்டைக்குள் வைத்திருந்த ஒன்றையும் அதோடு சேர்த்துவிட்டேன்.

முதல் பொட்டலத்தை எடுத்துப் பேரைப் படித்தேன். மனசுக்குள் முழுசாக, தெளிவாக. பிறகு வேறு ஒருவன் கையில் கொடுத்தேன். டீச்சர் பதறி, "அண்ணா, அது அவனுதில்ல" என்றது. மைதானத்தில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நீ இல்லாததால் விளையாட்டும் இல்லை என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்திருக்கும். இரண்டாவதையும் மாற்றிக் கொடுத்தேன். பின் வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல் மெல்ல வந்தது: "தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது." அப்புறம் மொத்தப் பள்ளிக்கூடமும். முகமூடிக்குள் இந்த வருஷம் பவுடர் போட ஆளில்லை. கண் எரிந்தது, வேர்வைதான்.

நான் சேர்த்த பொட்டலம் என் ஆமைப் புத்தகம். மேலே உன் பேரை நானே எழுதியிருந்தேன், 'சார்' என்றுகூடப் போடாமல், பெஞ்சில் கூப்பிட்ட பேரை. அது மூன்றாவது படிக்கிற ரக்‌ஷிதா கைக்குப் போனது. இவளும் என் வண்டிதான். மைதானம் முழுக்கச் சுற்றிவிட்டு வந்தாள்.

"தாத்தா, இந்தப் பேருல யாருமே இல்ல."

"கீறாரு. வர லேட்டாவும். அதுவரைக்கும் நீ படிச்சு வெய்யி."

மத்தியானம் திரும்பும்போது வழக்கம்போல் க்யூ. வண்டியை அணைத்தேன். எனக்குப் பக்கத்தில் நீ குந்துகிற பாதி சீட் காலி. பின்னால் ரக்‌ஷிதா வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகள் அவள் மேல் சாய்ந்து படம் பார்த்தன. பக்கம் புரளுகிற சத்தத்தை எண்ணிக்கொண்டே முன்னால் நின்ற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கம் வருவது எனக்குத் தெரியும். முடித்ததும் என் முதுகைத் தட்டினாள்.

"மாமா, ஆமை கடலுக்குப் போய்ட்சு."

"எப்போ?"

"இப்பதான்."

போய்விட்டது நைனா. ரொம்ப நாளைக்கு முன்பே போய்விட்டது.