புயல் அறிவிப்பில் கேட்ட குரல்

மச்சானுக்கு,

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நேற்று தொலைக்காட்சியில் உங்கள் பாராட்டு விழா பார்த்தோம். வானொலியில் வந்த அந்தப் புயல் அறிவிப்பைப் போட்டுக் காட்டி, உங்கள் குரல் ஊரையே காப்பாற்றியது என்றார்கள். நீங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அன்னைக்கு என் தொண்டையே கிழிஞ்சுபோச்சுங்க" என்றீர்கள்.

அன்று உங்களுக்குத் தொண்டை கட்டியிருந்தது. "குரல் மாறினா ஜனங்க பயந்துடுவாங்க, என்னை மாதிரியே வாசிச்சுடு மாப்ளே" என்று என்னை மைக் முன்னால் உட்கார வைத்தது யார்?

"அப்பா, மாமா நடுவுல இருமுறது அச்சு அசல் உங்க இருமல்" என்றாள் மகள்.

"ரேடியோவில எல்லாரும் அப்படித்தாம்மா இருமுவாங்க" என்றேன். மேடையில் அக்கா பூரித்துப்போய்க் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

கையெழுத்துப் போடாமலேயே அனுப்புகிறேன். வேண்டுமானால் இதையும் நீங்களே எழுதியதாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.